மறுகா

நல்ல புத்தகம் என்று நான்தான் சொல்லித் திரிந்தேன்.
மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில்
இரத்தம் சுத்திகரிக்கும் வார்டு.
நாலு மணித்தியாலம் ஒரு கை அசையக் கூடாது,
மற்றக் கையால் தூக்கிப் பிடிக்கிற பாரம்தான் இது,
எழுத்தும் பெரிசு.
நீல அட்டை. முந்நூற்றுப் பதினாறு பக்கம்.

முதலில் கொண்டுபோனது ஏறாவூர் ஜெஸீமா.
செவ்வாயும் வெள்ளியும் அவவின் நாள்.
மூன்று தரம் வந்து போவதற்குள் முடித்துவிட்டு
"அந்த மனுசன் தோணிய எரிச்சது சரியாகா?" என்றா.
நான் பிறஷர் மானியைப் பார்த்தபடி
"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.
தாதிமாருக்கு இந்தக் கேள்வி சுகமாய் வரும்.

அவவிடமிருந்து பாத்தலோட் ஐயா.
கடைசல் பட்டறைக்காரர்.
"எழுதினவனுக்கு எஞ்சின் பற்றி ஒரு மண்ணும் தெரியாது,
ஆனா அந்தப் பெட்டை கோவிக்கிற இடம்,
ரெண்டு தரம் வாசிச்சன் மிஸ்."
என்னைக் கேட்காமல் மருமகனுக்குக் கொடுத்தார்,
மருமகன் பஸ் கொண்டக்டருக்கு.
இரண்டு கிழமை புத்தகம் எங்கே என்றே தெரியாது.
வந்தபோது அட்டையில் தேத்தண்ணி வட்டம்,
உள்ளே வாழைச்சேனை டிக்கெட் ஒன்று,
நசுங்கிய எறும்பு ஒன்று.
எல்லோரும் நல்ல புத்தகம் என்றார்கள்.
எல்லோருக்கும் நான் தலையாட்டினேன்.

பிறகு கரடியனாறு புவிராசா.
சோளம் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார்.
ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம்,
உதடு அசையும்.
மெஷின் கத்தினாலும் நிமிரமாட்டார்,
நான்தான் ஓடிப்போய்க் குழாயை நேராக்குவேன்.
ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"தங்கச்சி, நூத்தி நாப்பத்தி மூண்டு மட்டும்
நீங்க பென்சிலால கோடு போட்டிருக்கீங்க.
மறுகா ஒரு கோடும் இல்ல."

ஊசி எடுத்த இடத்தை
பஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றேன்.
தேவைக்கு மேலேயே அழுத்தினேன்.

நூற்றி நாற்பத்து மூன்றில்
ஒரு தாய் வராத மகனுக்குச் சோறு போட்டு
கோப்பையை மூடி வைக்கிறாள்.
அவ்வளவுதான்.
எங்கள் வீட்டிலும் ஒரு கோப்பை மூடிக் கிடந்தது.
விடிய அம்மா அதைக் காகத்துக்குக் கொட்டுவா,
பின்னேரம் திரும்பவும் போடுவா.
எத்தனை வருசம் என்று நான் எண்ணவில்லை.
கதை எழுதினவன் அந்த மூடியைத் திறப்பானா,
திறந்தால் என்ன வைத்திருப்பான்,
எனக்குப் பார்க்க ஏலாது.
மூடிவைத்துவிட்டேன்.
அதுவரைக்கும் நல்ல புத்தகம்தானே,
பொய் சொல்லவில்லையே.

இதில் ஒன்றும் நான் அவரிடம் சொல்லவில்லை.
"மறுகா என்னெண்டு சொல்லட்டா?" என்று கேட்டார்.
"வேணாம்" என்றேன்.
சறத்தை இறுக்கிக் கட்டினார். செருப்பைத் தேடினார்.
கதவடியில் நின்று கிறுகிப் பார்த்து,
"நூத்தி நாப்பத்தி நாலில மழை வருது, தங்கச்சி.
மழைய மட்டும் வாசிங்க."

இரவு டியூட்டி.
கட்டில்கள் வெறும்.
வாவிப் பக்கமிருந்து நுளம்பு.
மழை வந்தது, எட்டு வரி.
ஓரத்தில் கொட்டைப் பென்சிலால் ஒருவர்:
இதில நிண்டு ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.
பாத்தலோட் ஐயாவின் எழுத்து.
அடுத்த பக்கத்தில் ஜெஸீமாவின் கேள்விக்குறி,
அதற்கும் கீழே மெல்லிய கோடொன்று,
நடுங்கின கை, யாருடையதோ.
என்னுடைய கோடு நின்ற இடத்திலிருந்து
ஆளுக்குக் கொஞ்சம் இழுத்திருக்கிறார்கள்.
ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெஸீமா கையை நீட்டிப் படுத்தபடி
"அடுத்தது என்ன புத்தகம்கா தரப்போறீங்க?" என்றா.
"பொறுங்க, இத நான் இன்னும் முடிக்கல்ல."
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா.
"எத்தனையாம் பக்கம்?"
"நூத்தி அம்பத்தி ஒண்டு."

"ஆ" என்று கண்ணை மூடினா.
"அப்ப தோணி இன்னும் எரியல்ல."