புறக்கிருத்தியம்: நாற்பது மணித்தியாலம்

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
திகதி, இடம், மணித்தியாலம்,
கடைசியில் 'பெற்றுக்கொண்ட அனுபவம்'.
அதன் அகலம் என் சுண்டுவிரல்.

மற்றவர்கள் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள்.
சஜீவன் இரத்ததான முகாமில் பிஸ்கட் பங்கிட்டான், பன்னிரண்டு.
தானும் கொடுக்கப் போய்
ஊசியைக் கண்டு மயங்கியது கணக்கில் வராது.
மிதுஷா நிலாவெளிக் கரையில்
முதலுதவிப் பெட்டியோடு நின்று
கறுத்துப்போய் வந்தாள்.
ஹஸ்னி டெங்குக்காரரோடு
வளவு வளவாகச் சிரட்டை கவிழ்த்தான்;
உப்புவெளியில் ஒரு நாய்
அவனுடைய சப்பாத்தொன்றை வைத்துக்கொண்டது.

எனக்குச் சிங்களம் கொஞ்சம் வரும்.
அம்மா கந்தளாய்ச் சந்தையில்
மரக்கறி விற்ற நாளில் ஒட்டிக்கொண்ட சிங்களம்.
கால் கிலோ, அரைக் கிலோ,
இதற்குக் கீழே தர ஏலாது.
அதை நம்பி
பெரியாஸ்பத்திரி ஓபிடியில் நிறுத்தினார்கள்,
நெஞ்சில் ஒரு மட்டை குத்தி:
மொழி உதவித் தொண்டர்.

டொக்டர் நதீஷா கேட்பார், "கொஹேத ரிதென்னே?"
நான் கேட்பேன், "எங்க நோகுது?"
பதில் வரும்:
குத்துது, கடுக்குது, உளையுது,
எரியுது, விறைக்குது,
விண் விண்ணெண்டு தெறிக்குது,
இஞ்ச இழுத்துப் பிடிக்குது தங்கச்சி.
அத்தனையையும் ஒரு 'ரிதெனவா'வுக்குள்
அடைத்து அனுப்பினேன், இரண்டு நாள்.
சிங்களத்திலும் அத்தனை சொல் இருக்கும்.
சந்தையில் யாரும் எனக்கு
நோவு விற்கவில்லை.

மூன்றாம் நாள்
தோப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஜெஸீமா.
கொப்பியை மடியில் வைத்து
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சொன்னா:
"நெஞ்சுக்குள்ள பதகளிக்குது மகள்."

பதகளிப்பு.
தேடினேன்.
கத்தரிக்காய்க்கும் பூசணிக்கும் நடுவே
அப்படி ஒரு சொல் இல்லை.
நெஞ்சு, ரிதெனவா என்றேன்.

ஈசிஜி எடுத்தார்கள்.
இரத்தம் எடுத்தார்கள்.
இரவு வாட்டில் வைத்து, காலையில் திரும்ப எடுத்தார்கள்.
கோடுகள் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கின.
"ஒண்டுமில்ல, நல்லா இருக்கு" என்று
நான்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டு.

மருந்தெடுக்கும் வரிசையில்
செருப்பைப் பார்த்தபடி சொன்னா:
"மகன் கட்டார்ல.
பதினொரு நாளா போன் இல்ல."

"இத ஏன் உள்ளுக்குச் சொல்லேல்ல?"

"எங்க நோகுது எண்டுதானே கேட்டீங்க."

வெளியே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.
நான் திரும்பவும் உள்ளே போனேன்.
"மட்ட வெரதுனா" என்றேன்.
எனக்குப் பிழைத்துவிட்டது.
விலை மாறிச் சொன்னால் அம்மா சொல்கிற அதே வசனம்.
டொக்டர் பேனையை வைத்தார்.
கோபப்படுவார் என்று நின்றேன்.
"அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள்."
சொன்னேன்.
அவர் வாயில் அது ப-த-க-ளி என்று
நாலு துண்டாக உடைந்தது.
மேசைக் கலண்டரின் ஓரத்தில்
வட்ட வட்ட எழுத்தில் எழுதினார்.
பிறகு ஜெஸீமாவைக் கூப்பிடச் சொன்னார்.
கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார்.

மகன் கதைத்தானா, தெரியாது.
அவவின் அடுத்த கிளினிக் திகதி
என் நாற்பது முடிந்து ஒன்பதாம் நாள்.
போயிருக்கலாம். போகவில்லை.
உடற்கூற்றியல் பரீட்சை இருந்தது.

இதையெல்லாம் படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்.
வளாகத்து அலுவலகத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து திருப்பித் தள்ளினார்கள்:
பின்பக்கம் எழுதக் கூடாது, பிள்ளை.
புதுப் படிவம் தந்தார்கள்.
மொழிபெயர்ப்பு, 40 என்று போட்டேன்.
முத்திரை விழுந்தது.

பழைய தாளைச் சுருட்டிக்கொண்டு
பஸ் நிலையத்தடியில் நின்றபோது
வழக்கமாக வரும் மான்களில் ஒன்று
கை வரைக்கும் வந்தது.
கடுதாசி தின்னக் குடுக்காதேங்கோ,
வயித்துக்குள்ள சிக்கும் என்றான் பூட்டுத் திருத்துகிற பெடியன்.

மடித்துப் பைக்குள் வைத்தேன்.
மான் போகவில்லை.
நெடுநேரம் என் முகத்தையே பார்த்தது,
நான் ஏதோ சொல்ல விட்டதுபோல.