ஓலைப்பீப்பி

லைசென்ஸ் புத்தகத்தில்
நோக்கம் என்ற கட்டத்தில்
பயிர்ப் பாதுகாப்பு என்றிருக்கிறது.
ஆடு பயிரில் சேருமா என்று
கடையாலுமூடு ஸ்டேஷனில்
இதுவரை யாரும் கேட்டதில்லை.
நரியைச் சுடக் கூடாதென்று எங்களுக்கும் தெரியும்.
வானத்தைப் பார்த்து ஒன்று, போதும் என்றுதான்
நினைத்திருந்தோம். அல்லது
நினைத்திருந்ததாக இப்போது சொல்கிறோம்.

வீட்டில் இருந்தவை இரண்டு.

ஒன்று முந்நூற்றுப் பதினைந்து ரைஃபிள்,
தூரத்தை நம்புகிறவன் வாங்குவது.
ரப்பரை நட்டவர்கள் கயிறு பிடித்து நட்டிருக்கிறார்கள்.
வரிசையின் தலைப்பில் நின்றால்
நானூறு அடிக்கு நேர்ச்சந்து,
கடைசி மரத்துச் சிரட்டைகூடத் தெரியும்.
அதற்கு அது சரி.
ஆனால் வரிசை முடிந்துவிட்டது என்று
குண்டுக்கு யார் சொல்வது?
சந்துக்கு அந்தப்புறம் வறுவேலின் ஓட்டுக்கூரை,
அதற்கு அந்தப்புறம் மாதா குருசடி,
அதற்கும் அந்தப்புறம்
பத்துகாணி முதல் பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ.

மற்றது இரட்டைக்குழல்.
ரவை விரிந்து போகும், நாற்பது எட்டில் களைத்துவிடும்.
தோட்டம் முடிந்து காடு தொடங்குமிடத்தில்
ஈத்தல் புதரும் முட்டளவு கொடிப்பயறும்.
கண்ணே அதற்குமேல் போவதில்லை,
தோட்டா போய் என்ன செய்ய?

தாசையன் சொன்னான்:
"கூப்பிட்டு வருத்துகதுக்கு எதுக்கு ஓய் ரைஃபிள்?
விளிச்சா வாறவன் கிட்ட வருவான்."

இரட்டைக்குழலை எடுத்தேன்.

அவன் குருத்தோலையைக் கிழித்துச் சுருட்டி
பல்லிடுக்கில் வைத்துக்கொண்டான்.
கால் முறிந்த முயல் கத்துவதை
அவன் ஒருநாளும் கேட்டதில்லை.
மகளுக்குப் பல் முளைத்த ராத்திரிகளிலிருந்து
அந்தச் சத்தத்தை எடுத்திருந்தான்.

மூன்று மணி. தை மாதத்துப் பனி.
ஒருமுறை ஊதினான்.
காடு காதைத் திருப்பியது.
இன்னொருமுறை.
மூன்றாவதை நடுவில் ஒடித்து,
மூச்சு முட்டுவதுபோல் இழுத்து விட்டான்.
எனக்கே எழுந்து போகவேண்டும் போலிருந்தது.

மரங்களுக்கிடையே ஒரு வெளிச்சம்.
நரிக்குக் கண் இரண்டு, இது ஒன்று.
பக்கவாட்டில் நிற்கிறது என்று
மனம் தானாகவே கணக்கைச் சரிசெய்தது.
வெளிச்சம் ஓடியது. எங்களை நோக்கித்தான் ஓடியது.
என் பெருவிரல்
பூட்டைத் தள்ளிவிட்டிருந்தது, என்னிடம் கேட்காமல்.

"ஆருக்க பிள்ளை கரையுது?"

ரெஜிலா.
நெற்றியில் பால்வெட்டு விளக்கு, கையில் கத்தி,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
"பிள்ளே... எங்க கிடக்க மக்கா?"
பயற்றங்கொடியை விலக்கி விலக்கித் தேடினாள்,
என் குழலிலிருந்து பதினைந்து எட்டில்.

நாங்கள் மூச்சு விடவில்லை.
எத்தனை நேரம் விடாமலிருக்க முடியும்?
ஓலை அவன் வாயிலேயே இருந்தது.
தாசையன் மெல்ல மூச்சுவிட்டான்.
புதருக்குள்ளிருந்து குழந்தை
இன்னொருமுறை, மிகச் சிறிதாக, அழுதது.

விளக்கு திரும்பியது.
முதலில் ஓலை.
பிறகு அவன் முகம்.
பிறகு துப்பாக்கி, அதன் பின்னால் நான்.

அவள் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
கத்தியைப் பாவாடையில் துடைத்தாள், தேவையில்லாமல்.
செருப்பைத் தேடிக்கொண்டு
வந்த வழியே போனாள்.
விடிந்தபின் பார்த்தோம்,
அவள் ஓடிவந்த சந்து முழுக்கத்
தட்டிவிட்ட சிரட்டைகள், மண்ணில் உறைந்த பால்.

ரைஃபிளை எடுத்திருந்தால்
என்று சாயாக்கடையில் தாசையன் ஆரம்பிப்பான்,
நான் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.
தூரத்தில் அவள் வெறும் வெளிச்சமாக இருந்திருப்பாள்.
கிட்டே வந்ததால் குரலாக ஆனாள்.
அதை வைத்து ஒரு துப்பாக்கியை
நல்லது என்று சொல்லிவிட முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை நிஜமாகவே
குட்டி ஒன்று கத்தியது, வேலியோரம், விடிகாலையில்.
நான் டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.
தோட்டத்தில் அவள் விளக்கு
இரண்டு மரங்களுக்கிடையே நின்றது.
கொஞ்சநேரம் நின்றது.
பிறகு
அடுத்த மரத்துக்குப் போனது.