ஒரு சாண்

முட்டிக்கும் முகத்துக்கும் நடுவே
எப்போதும் ஒரு சாண்.
கமரா நிற்கிற கோணத்தில் அது தெரியாது.
காதுக்குத் தெரிந்துவிடும்.
அந்த ஒரு சாண்தான் என் பொறுப்பு.

பகலில் வுப்பர்டாலில், பார்மன் கடைவீதியில்
காது கேட்கும் கருவி விற்கிறேன்.
"இப்போது கேட்கிறதா? இப்போது?"
இரவில் எங்கள் கட்டிடத்து நிலவறையில்
நான்கு சலவை இயந்திரங்களும்
யாரோ மறந்துபோன ஒற்றைக் காலுறையும் சாட்சியாக
ஆட்களை அடித்துப் போடுகிறேன்.

துருக்கிக் கடையில் சனி மாலை
வாடிய செலரி பாதி விலை.
வாடியது கழுத்துக்கு ஆகாது,
முறியாமல் முனகும்.
கழுத்துக்குப் புதுசுதான், முழு விலை.
விலா எலும்புக்கு வேகாத லசானியாத் தகடு,
ஈரத் துவாயில் சுற்றியது.
வயிற்றுக் குத்துக்குக் கோவா.
"வில்லனுக்குச் சிவப்புக் கோவா போடுவமோ?"
கேட்டது சேந்தன், டைரக்டர்.
போட்டோம்.
சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை,
என் சட்டைதான் ஊதா.

அந்த ஒற்றைக் காலுறைக்குள்
சோளமாவைக் கட்டிப் பிசைந்தால்
பனியில் ஒருவன் நடந்து வருவான்.
வெளியே நிஜப் பனி கொட்டிக் கிடந்தது.
போய்ப் பதிந்து பார்த்தோம்,
யாரோ பொரி தின்கிற சத்தம்.
அழித்துவிட்டோம்.

நாலு நிமிடத்துக்கொரு தரம்
ஆற்றின் மேல் தொங்குரயில் போகும்,
நல்ல நல்ல சாவுகளையெல்லாம் கெடுத்துவிட்டு.
கோபத்தில் அதையும் பதிந்து
சுருதியை இறக்கினேன். ஹெலிகொப்டர்!
அன்றிலிருந்து எங்கள் வில்லன்
நாலு நிமிடத்துக்கொரு தரம் வானத்தில் வருகிறான்,
சீசன் டிக்கெட் எடுத்தவன் மாதிரி.

பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று
படிக்கட்டில் எழுதி ஒட்டியவர்
மூன்றாம் மாடி ஹக்லெண்டர் அம்மையார்.
ஒரு நாள் பத்து ஐந்துக்கு இறங்கி வந்தார்.
நிரோஜன் தரையில் செத்துக்கொண்டிருந்தான்.
அவனைத் தாண்டி வந்து
கோவாவைப் பார்த்தார்.
"இதையெல்லாம் பிறகு என்ன செய்வீர்கள்?"
இப்போது உதைபட்ட கோவா முழுக்க அவர் வீட்டுக்கு.
அடித்தது சீக்கிரம் வேகுமாம்.
அறிவிப்பு மட்டும் அப்படியே ஒட்டியிருக்கிறது.

கடைசிச் சண்டையைப்
பழைய ரயில் சுரங்கத்தில் எடுத்தோம்.
சைக்கிள்காரர்கள் மணியடித்தால் வில்லனும் நாயகனும்
மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.
ஏழாவது தரம்
நிரோஜன் அரை அடி முந்திவிட்டான்.
ஒரு சாண் இல்லை.

பொத்.

சோபாவில் ரிமோட் விழுந்த மாதிரி,
அவ்வளவுதான்.
மூக்கிலிருந்து இரத்தம் நாடிக்கு வந்தது.
கட் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.
அடித்தவன் கையை உதறிக்கொண்டே
"சொறி, சொறி, சொறி" என்றான்.
அது மட்டும் சுரங்கம் முழுக்கக் கேட்டது.

இரவு போட்டுப் பார்த்தோம்.
சேந்தன் தலையைச் சொறிந்தான்:
"இந்த ஒரு அடிதான் பொய் மாதிரிக் கிடக்கு."
இரண்டு மூக்கிலும் பஞ்சு வைத்த நிரோஜனும்,
"ஓமடா, பட்ட மாதிரியே இல்லை."

சரி என்று நிலவறைக்கு இறங்கினேன்.
ஒரு கோவா, முழு விலைச் செலரி இரண்டு,
தோல் ஜாக்கெட்டைச் சுவரில் ஓர் அறை.
மூன்று தடம், ஒன்றின் மேல் ஒன்று.
திரும்பப் போட்டேன்.
நிரோஜன் துள்ளி மூக்கைப் பொத்தினான்.
"இப்பதான்ரா நோகுது."

திங்கள் காலை கடையில் ஒருவருக்கு
முதல் கருவி பொருத்தினேன்.
"இப்போது?"
கையை அசைத்தவர்
தன் ஜாக்கெட்டின் சத்தத்துக்கே திடுக்கிட்டார்.
கனமான தோல், முழங்கையில் நல்ல முறுகல்.
பயப்படாதீர்கள், பழகிவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும்.
அதற்குள் என் வாய்
அதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டது.