மதிப்பீட்டுப் படிவம், இரவு ஷிப்ட்

மார்ச் கடைசி. படிவம் வந்துவிட்டது.
ஒன்றிலிருந்து ஐந்துவரை, ஏதாவது ஒன்றுக்கு வட்டம்.

பெயர்: செய்யது நெய்னா.
பணி: வால்வு, பம்ப்பு, இரவு.
இடம்: வாலிநோக்கம் போகும் சாலையில்
கருவேலங்காடு ஓய்ந்து உப்பளம் தொடங்கும் திருப்பம்,
கடலைக் குடிநீராக்கும் எங்கள் நிலையம்.

முதல் வருஷம் எல்லாரையும் போலத்தான்.
மீட்டரைப் பார்க்காமலே எண் எழுதுவார்.
மூன்று மணிக்குப் பம்ப்பு ரூமில் கால்நீட்டித் தூங்குவார்.
நானும் தூங்கியிருக்கிறேன்,
அதனால் எங்கும் குறிக்கவில்லை.

பிறகு ஒரு வைகாசியில்
டேங்கர் லாரிக்குக் கிளீனர் வராத நாள்
இவரை ஏற்றி அனுப்பினேன்.
சாயல்குடிக்கு மேற்கே ஏதோ ஓர் ஊர்.
முந்தின இரவே வரிசை போட்டிருந்தார்களாம்,
குடம் இல்லாத இடத்துக்கு ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு.
வால்வை மூடிய பிறகும் ஒரு பெண்
ஹோஸைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து
உள்ளே மிஞ்சியதைச் சொம்பில் வடித்தாளாம்.
அவ்வளவுதான் சொன்னார்.
டீ குடித்தோம். ஷிப்ட் மாறியது.

அதற்கப்புறம்தான் தொல்லை.
இரண்டரை மணிக்கு போன்:
"சார், நாலாம் நம்பர் பம்ப்பு இருமுது."
ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு
மெஷின் பொய் சொல்லுது என்பார்.
பாதி நாள் மெஷின்தான் பொய் சொல்லியிருந்தது.

கசிவு பாதியாகக் குறைந்தது.
சென்னையிலிருந்து வந்தவர்கள் வரைபடத்தைக் காட்டிக் கேட்டார்கள்,
இந்த இறக்கம் எதனால்?
போனஸா, பயிற்சியா, சுவரில் ஒட்டிய வாசகங்களா?
ஒரு ஹோஸின் நுனி என்று சொல்ல
எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

ஏன் பாய் இப்படி அலைகிறீர்கள் என்றேன் ஒருநாள்.
"எங்க அத்தா பத்தொன்பது வருஷம் துபாயில
யாரோ வீட்டு நீச்சல்குளத்தைக் கழுவினாரு சார்.
நான் கழுவுற தண்ணிய ஊரு குடிக்குது.
அல்ஹம்துலில்லாஹ், எத்தனை பேருக்கு வாய்க்கும்."

நன்றியோடு உழைப்பவன் கூலிக்கு வாய் திறக்க மாட்டான்.
மேலே யாரோ இதை மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.
மூன்று வருஷமாக அதே சம்பளம்.
போன மாதம் ஒரு பாராட்டுச் சான்றிதழ்,
லேமினேட் செய்தது,
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
அதையும் சிரித்துக்கொண்டு வாங்கினார்.
எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஐந்துக்கு வட்டம் போட்டேன்.
கீழே 'காரணம்' என்று நாலு கோடு.
எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.
கடைசியில் மிஞ்சியது:

ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, அளவு எட்டு.
இடது கால் ஓட்டை.
ஆடியிலேயே கேட்டிருந்தார்.