பதினெட்டு டிகிரி

பால் குண்டானில் பாதி தண்ணீர்.
எஞ்சினின் வயிற்றிலிருந்து கழற்றிய சென்சாரை
அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
பேட்டரி தரையில். மீட்டர் அரிசி டப்பா மேல்.
"காப்பிதானே கேட்டேன்" என்கிறான் செல்வின்
சமையலறை வாசலில் நின்று.

கடல் மட்டத்தில் தண்ணீர் கொதிப்பது
இருநூற்றுப் பன்னிரண்டு பாரன்ஹீட்டில்.
தண்டையார்பேட்டையைவிடக் கடல் மட்டமான ஊர் எங்கே இருக்கிறது,
மழைக்காலத்தில் கட்டில் காலை நனைக்கும் மட்டம்.

குமிழி பொங்கியது. முள் நகர்ந்தது.
இருநூற்றுப் பத்து. நிற்கவில்லை.
இருநூற்று முப்பதில் போய் உட்கார்ந்தது.

தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சந்தேகம் வந்தது ஆயில் மூடியைத் திறந்தபோது.
அடியில் தயிர் மாதிரி வெள்ளையாய் ஒட்டியிருந்தது.
நன்றாகச் சூடேறிய எண்ணெய் தன் ஈரத்தைத் தானே எரித்துவிடும்.
கொதிக்கிறேன் கொதிக்கிறேன் என்று மீட்டர் கத்திய வண்டி
உள்ளே சளி பிடித்துக் கிடந்திருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருஷத்து எம்.ஜி. இரண்டே சீட்டு.
பாசிக்குளப் பச்சை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒன்பது வருஷப் பணம்.
மகளோடு இருக்கப் பெர்த்துக்குப் போன
ராயபுரம் டாக்டர் ரொசாரியோ
சாவியோடு ஒரு நோட்டையும் கொடுத்தார்.
முழுக்கப் பென்சில்:

தேரடி 215. எர்ணாவூர் 230.
மீஞ்சூர் கேட் 240. திரும்பிவிட்டேன்.

பதிமூன்று வரிசைக் கூலரை எடுத்துப் பதினாறு வரிசை போட்டேன்.
மீஞ்சூர் கேட் 238. திரும்பிவிட்டேன்.

பழவேற்காட்டில் பூநாரை வந்திருக்கிறதாம்,
பார்க்க வேண்டும் என்றாள் மார்ஜோரி.
242. திரும்பிவிட்டோம்.

இருநூற்று நாற்பத்திரண்டில் பதினெட்டு போனால்
இருநூற்று இருபத்துநான்கு.
எண்ணெய்க்கு அது காய்ச்சலே இல்லை.

மீட்டர் கண்ணாடியில் வெள்ளைப் பேப்பர் ஒட்டி
சிவப்புக் கோட்டைத் தள்ளி வரைந்தேன்.
ஞாயிறு, ஐந்து மணி. செல்வின் வரவில்லை, தூக்கம்.
காசிமேட்டுக் கல்லறையைத் தாண்டும்போது
காலைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
மார்ஜோரி அங்கேதான் இருக்கிறாள்.

அறுபது மைல் வேகம். காற்று நேராகக் கூலருக்குள்.
பிரஷர் அறுபது. எண்ணெய் ஒழுங்குப்பிள்ளை.
மணலியின் புகை நாற்றம்கூட அன்று பழகிய வாசனை;
இந்த எண்ணெயும் பிறந்தது அங்கேதானோ என்னவோ.

அப்புறம் எர்ணாவூர்.
துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் வரிசை,
எல்லா லேனிலும், எதிர்த் திசையிலும்.
நான் வாரம் முழுக்கத் தூக்கி வைக்கிற அதே பெட்டிகள்
இன்று என் மூக்குக்கு முன்னால்.

நின்ற வண்டிக்குக் கூலர் வெறும் தகரம்.
தண்ணீர் முள் சட்டென்று ஏறி, ஃபேன் சுற்றியதும் இறங்கியது.
எண்ணெய் அப்படியில்லை.
மெதுவாக எடுத்துக்கொள்கிறது. எடுத்ததை லேசில் விடுவதில்லை.
இருநூற்று முப்பது. முப்பத்தைந்து.
பிரஷர் இருபதுக்கு வந்து நடுங்கியது.
இது பொய்யில்லை. நானே கொதிக்கவைத்துப் பார்த்த மீட்டர்.

அணைத்தேன்.

"இன்னாக்கா, புட்டுக்கிச்சா?"
மேலே கேபினிலிருந்து ஒருத்தன்.
"இல்லப்பா, ஆறட்டும்னு."
"ஆறாது. கேட்டு எட்டு மணிக்குத்தான்."
வாட்டர் பாக்கெட் ஒன்றைத் தூக்கிப் போட்டான்.

டாக்டருக்குச் சொல்லலாம்.
நம்பர் இருக்கிறது. பெர்த்தில் இப்போது எட்டரை,
சர்ச்சுக்குக் கிளம்பியிருப்பார்.
டாக்டர், அந்த நாள் போயிருக்கலாம்.
இதை எப்படி வாயால் சொல்வது?
சொல்லாமல் விட்டால் மட்டும்
பதினெட்டு டிகிரி எங்கே போய்விடும்?

நோட்டை எடுத்தேன். அவர் கடைசி வரிக்குக் கீழே:

எர்ணாவூர் 236. சரியான மீட்டர்.

அடுத்த சொல்லுக்குப் பென்சில் நின்றது.
பானெட்டுக்குள் டிக், டிக் என்று
இரும்பு சுருங்கும் சத்தம்.
கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்று.

*நிற்கிறேன்* என்று எழுதினேன்.