ஒன்பது என்று அடிக்கவும்

ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.
தெளிவில்லை என்றால் ஒன்பது.
கோணேசபுரி வளாகத்தில், பின்கட்டு அறையொன்றில்
நாள் சம்பளத்துக்குப்
பள்ளிக்கூடப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன்.
ஃபேன் சுற்றுகிறது, ஒரு கடுதாசியும் அசையவில்லை.

பெயர் இல்லை. வகுப்பு பதினொன்று. பெண்.
அம்மா வெளிநாட்டில்: ஒன்று.
அப்பா குடிப்பார்: ஒன்று.
ஃபோனில் யாரும் உன்னைக் கேவலப்படுத்தினார்களா: ஒன்று.
கடந்த பன்னிரண்டு மாதத்தில்
வேண்டுமென்றே உன்னை நீ காயப்படுத்தினாயா?
பென்சில் தயங்கிய புள்ளி,
பிறகு அழுத்தி: ஒன்று.

விரல் பழகிவிடும் என்றார்கள்.
பழகித்தான் இருந்தது.

முப்பத்தோராம் கேள்வி:
மனம் விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?
'இல்லை'யில் ஒரு கோடு. அதை அழித்த அழுக்கு.
ஓரத்தில் கோணலாய்,
'சாம்பல்தீவு பஸ்சில எனக்கு சீட் பிடிச்சு வைக்கிற ஜெனுஷியா
கணக்கில வருவாளா?'

ஓரத்தில் எழுதுவதற்குக் கட்டம் இல்லை.
ஒன்பது அடித்தேன்.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

எனக்கும் ஒருகாலம் பதினாறு வயது.
திருகோணமலை வெயிலில் முழுக்கைச் சட்டை.
'ஒழுக்கமான பிள்ளை' என்றார்கள் ஓர்ஸ்ஹில் முழுக்க.
திவாஸ்கர் மட்டும் தினமும் பின்னேரம்
சைக்கிளில் வந்து படலையடியில் மணி அடிப்பான்.
பந்து, படம், பரீட்சை, வேறு கதை இல்லை.
மூன்றாம் கிழமை கேட்டான்:
'ஏன்டா முழுக்கை?'
கேட்டபடியே நின்றான். போகவில்லை.
சொன்னேன்.

தாளை மேடத்திடம் கொண்டுபோனேன்.
'பெயர் தேடக்கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறம்.'
'தெரியும் மேடம்.'
அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
அதிபருக்கு ஃபோன் எடுத்தார்:
திங்கட்கிழமை வரலாமா,
ஒருவரையும் தனியாகக் கூப்பிட வேண்டாம்,
வகுப்பு முழுவதோடும் இருக்கப்போகிறோம்,
இரண்டு பாடவேளை போதாது, நாலு வேண்டும்.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
மானொன்று யாருடையதோ வினாத்தாளை மென்றுகொண்டு நின்றது.
சாம்பல்தீவு பஸ் வந்தது. நான் அதில் போகிறவனில்லை.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
காலிச் சீட்டில் ஒரு புத்தகப் பை,
பைமேல் ஒரு கை.
அவளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.
மீன்கூடையோடு ஒருவர் உட்காரப்போக,
பையை இன்னும் இறுக்கிப் பிடித்து
வாசலைப் பார்த்தபடி சொன்னாள்:
'ஆள் இருக்கு.'