புள்ளிக்கு அந்தப் பக்கம்

மூசைக்கு எண் போடப் பென்சில்தான் சரி.
மை எரிந்துவிடும்.
ஒன்றிலிருந்து நாற்பது வரை
பீங்கான் அடியில் எழுதி முடித்தபோது
சுவா சூ காங்கில் மழை பிடித்துக்கொண்டது.

ஒவ்வொன்றிலும் இரண்டரை கிராம் மயில்துத்தம்.
போத்தலில் ஒட்டிய பெயர் நீளமானது.
எனக்கு இது போதும்,
இதில் கழுத்து தெரிகிறது.

மூன்றாம் பாடவேளை. உயர்நிலை நான்கு.
மிஸ் கோ பலகையில் எழுதுகிறார்:
செம்பு ஒன்று, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு,
பிறகு ஒரு புள்ளி,
பிறகு எக்ஸ் தண்ணீர்.
எக்ஸைக் கண்டுபிடியுங்கள்.

தமிழில் மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் எழுந்து போய்விடும்.
இந்தப் புள்ளி தலையிலும் இல்லை, தரையிலும் இல்லை.
இடுப்பளவில் நிற்கிறது.
பெருக்கல் அல்ல.
முற்றும் அல்ல.
திருமதி டேயின் வீட்டில் என் அறைக்கும்
அவர் கூடத்துக்கும் நடுவே இருப்பது போல ஒன்று.
குளிர்பெட்டியில் எனக்குக் கீழ்த்தட்டு.
மின்கட்டணத்தில் எனக்கும் பங்கு உண்டு.
கதவில் ஒட்டிய சிவப்புத் தாளில்
என் பெயர் கிடையாது.

நாற்பது சுடர்.
நீலம் ஓரத்திலிருந்து கிளம்புகிறது,
கடைசி ரயிலுக்கு எழுந்த கூட்டம் மாதிரி,
முதலில் ஒருவர், அப்புறம் எல்லாரும்.
மூடியின் உட்புறம் வேர்க்கிறது.
கிண்ணத்தில் பழைய சுண்ணாம்பு வெள்ளை.
அவசரப்பட்டுத் தீயை ஏற்றிய நூருலுக்குக்
கருத்தே போயிற்று.
தொண்டையைக் கமறும் புகைக்கு
நான்தான் ஜன்னலைத் திறந்தேன்.

திறந்த ஜன்னல் விளிம்பில்
ஜுன் வெய் தன் மூசையை ஆற வைத்தான்,
உலர்த்திக் கலத்தில் இடமில்லை என்று.
வெளியே அந்த மழை.
சிங்கப்பூர்க் காற்றுக்குக் கை சும்மா இருக்காது.
உப்பு சாடியை ஒருநாள் திறந்து வைத்தால்
கரண்டி நிற்கும்.

தராசு காட்டியது: ஒன்று புள்ளி ஏழு மூன்று.
நூற்று அறுபதால் வகுத்தான்.
போன தண்ணீர் பூஜ்யம் புள்ளி ஏழு ஏழு,
பதினெட்டால் வகுத்தான்.
சின்ன எண்ணால் பெரிய எண்ணை வகுத்தான்.
மூன்று புள்ளி ஒன்பது ஆறு.
கால்குலேட்டரை அணைத்துப் போட்டு
முதலிலிருந்து ஒருதரம்.
அதே.

சுற்றிலும் எல்லாருக்கும் ஐந்து வந்துகொண்டிருந்தது.
அடுத்த மேசைக்கு நாலரை வந்து
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தானது.

"மிஸ், நாலு தண்ணீரோடு
ஓர் உப்பு இருக்கக்கூடாதா?"
என்னிடம்தான் கேட்டான்.
நான் ஆசிரியர் இல்லை,
துடைக்கும் துணியோடு நின்றேன்.
பாட்டிலைப் பார்த்தேன்.
அவன் ஜன்னலைப் பார்த்தான்,
நனைந்த விளிம்பை, விளிம்பில் வெள்ளை வட்டத்தை.
பிறகு 'நான்கு' என்று எழுதினான்.
கீழே, கோணலாக, ஒரு வரி:
வெளியே ஆற வைத்தேன், மழை பெய்தது.

மணி அடித்தது.
மேசை துடைக்கையில் எனக்குத் தெரியும் கணக்கு இது:
ஒன்பது மேசைகளில் அழிப்பான் துகள்,
சாம்பல் நிறம், புழு போல் சுருண்டு.
ஜன்னலோர மேசையில் இல்லை.

மிச்சத்தையெல்லாம் ஒரு பீக்கரில் தட்டினேன்.
கழுவும் போத்தலிலிருந்து கொஞ்சமாய்,
மிகக் கொஞ்சமாய் நீர்.
'ஸ்' என்றது.
விழுந்த இடத்திலெல்லாம் நீலம் திரும்பி வந்தது,
சாவி வைத்திருப்பவரைப் போல, கேட்காமல்.
பீக்கரின் அடி சுட்டது.
நாற்பது சுடர் ஊட்டியதில் கொஞ்சம்
என் உள்ளங்கையில்.

கையை எடுக்காமல் நின்றேன்.
இன்றிரவு திருமதி டேக்கு
வாடகையோடு ஒரு சீப்பு வாழைப்பழம்
வாங்கிப் போகலாமா என்று யோசித்தேன்.
மழை விடவில்லை.
மூசைகளின் எண்களை
ஒவ்வொன்றாய்த் தேய்க்கத் தொடங்கினேன்.
பதினேழு மட்டும் போக மறுத்தது.